பூஜ்யத்தைக் கண்டு எழும் அலறல்

திகில் விளையாட்டு ஒன்றில் ஆட்டக்காரர் எந்த இடத்தில் அலறுகிறார் என்று கவனித்தாலே அதன் இயல்பில் பாதி விளங்கிவிடும். 'தி எக்ஸிட் 8' என்ற சிறிய ஜப்பானிய விளையாட்டைப் பிறர் விளையாடும் காணொளிகளைத் தொடர்ந்து பார்த்து வருபவர்கள் ஒன்றை உணர்ந்திருப்பார்கள். அதில் மிக உரத்த அலறல் எந்தப் பேயுருவைக் கண்டும் எழுவதில்லை. நடைபாதையின் திருப்பத்தைத் தாண்டியதும் எதிர்ப்படும் மஞ்சள் பலகையில் 6 அல்லது 7 இருக்கும் என்று நம்பி வந்தவர், அங்கே 0 என்று எழுதியிருப்பதைக் கண்டு அலறுகிறார். அந்த அலறலில் கோபமும் வெட்கமும் கலந்திருக்கின்றன. அடுத்த நொடியே அவர் கேட்கும் கேள்வியும் எப்போதும் ஒன்றுதான்: "நான் எதைப் பார்க்காமல் விட்டேன்?"

கோடாகே கிரியேட் என்ற பெயரில் இயங்கும் தனி ஒருவர் உருவாக்கிய இந்த விளையாட்டு 2023 நவம்பர் 29 அன்று, கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் என்ற இணையதளத்தில் வெளிவந்தது. விலை 470 யென். விளையாட 15 முதல் 60 நிமிடம் ஆகும் என்று விற்பனைப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். ஜப்பானின் நிலத்தடி நடைபாதைகளும், ஆளற்ற இடைவெளிகளைப் படமாகப் பகிரும் இணைய வழக்கமும், 'பேக்ரூம்ஸ்' என்ற இணையக் கதையும் இதற்குத் தூண்டுதல் என்றும் அங்கே சொல்லப்பட்டிருக்கிறது. அந்த மூன்றையும் ஒரே நடைபாதைக்குள் அடக்கிவிட்டதுதான் இதை உருவாக்கியவரின் துணிச்சல். அடுத்த நிலை, அடுத்த மாளிகை, அடுத்த காடு என்று எதுவும் கிடையாது. வெள்ளை ஓடு பதித்த சுவர்கள், மேலே குழல் விளக்குகள், தரையில் பார்வையற்றோருக்கான மஞ்சள் பட்டை, ஒரு பக்கம் வரிசையாகச் சுவரொட்டிகள், மறு பக்கம் பூட்டிய கதவுகள், எதிரே கையில் பெட்டியுடன் நடந்து வரும் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர். இவ்வளவுதான் உலகம். இதைத்தான் மீண்டும் மீண்டும் கடக்க வேண்டும்.

விதிகள் சுவரில் மாட்டிய ஓர் அறிவிப்புப் பலகையில் இருக்கின்றன. பிறழ்வு, அதாவது வழக்கத்திலிருந்து மாறியிருக்கும் எதையும் பார்க்கத் தவறக் கூடாது. பிறழ்வைக் கண்டால் உடனே வந்த வழியே திரும்பிவிட வேண்டும். பிறழ்வு இல்லையென்றால் திரும்பாமல் முன்னே செல்ல வேண்டும். எட்டாம் வாயில் வழியாக வெளியேற வேண்டும். சரியாகத் தீர்மானித்தால் பலகையில் எண் ஒன்று கூடும். ஒருமுறை தவறினாலும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். ஆட்டக்காரர் கையில் ஆயுதம் எதுவும் இல்லை, சேர்த்து வைக்கப் பொருளும் இல்லை. நடப்பதும், பார்ப்பதும், முன்னே போவதா பின்னே போவதா என்று முடிவெடுப்பதும் மட்டுமே அவருடைய வேலை.

இந்த விளையாட்டு எழுப்பும் எதிர்வினைகள் ஏன் மற்றத் திகில் விளையாட்டுகளின் எதிர்வினைகளைப் போல் இல்லை என்பதைப் புரிந்துகொள்ளப் பத்தாண்டுக்குச் சற்று முன்னே போய்வர வேண்டும். 2012 ஜூனில் மார்க் ஹாட்லி என்பவர் 'ஸ்லெண்டர்: தி எய்ட் பேஜஸ்' என்ற விளையாட்டை இலவசமாக வெளியிட்டார். இரவு நேரக் காடு. கையில் ஒரு டார்ச் விளக்கு. ஆங்காங்கே ஒட்டியிருக்கும் எட்டுத் தாள்களைத் தேடி எடுக்க வேண்டும். கோட்டு அணிந்த, முகமே இல்லாத நெட்டை மனிதன் ஒருவன் பின்தொடர்வான். அவனை உற்றுப் பார்த்தால் திரை இரைச்சலிட்டுக் கலங்கும், ஆட்டம் முடியும். ஒவ்வொரு தாளை எடுக்கும்போதும் அவன் இன்னும் நெருங்குவான். சிறிய, எளிய அந்த விளையாட்டு யூடியூபில் பரவியதற்கு முக்கியக் காரணம், அதை விளையாடியவர்களின் முகங்கள். காணொளியின் ஒரு மூலையில் ஆட்டக்காரரின் முகம் தெரியும். காதில் ஒலிவாங்கியோடு கூடிய ஹெட்போன் இருக்கும். திடீரென்று அவன் எதிரே நிற்பான். முகம் கோணும், நாற்காலி பின்னே சாயும். பார்க்க வருபவர்கள் அந்த நொடிக்காகவே வந்தார்கள். பயம் வெளியிலிருந்து வந்து உடலைத் தாக்கியது. உடல் பதில் சொன்னது. மூளைக்கு அங்கே பெரிய வேலை இருக்கவில்லை.

2014 ஆகஸ்டில் பெரிய நிறுவனம் ஒன்று பிளேஸ்டேஷன் 4 கருவிக்காக வெளியிட்ட 'பி.டி.' என்ற முன்னோட்ட விளையாட்டு, ஒரே வீட்டு நடைவழியைச் சுற்றிச் சுற்றி வரவைத்து, ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ ஒன்றை மாற்றி வைக்கும் உத்தியைப் பரவலாக்கியது. அடுத்த ஆண்டே அதைக் கடையிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்றாலும், திரும்பத் திரும்ப வரும் நடைபாதை என்ற எண்ணம் சிறு உருவாக்குநர்களின் மனத்தில் ஊன்றிவிட்டது. 'எக்ஸிட் 8' அந்த மரபில் வருவதுதான். ஆனால் இது மாற்றங்களைக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்ளாமல், மாற்றம் இருந்ததா இல்லையா என்ற தீர்ப்பை ஆட்டக்காரரின் தலையில் கட்டுகிறது. அவர் இனிப் பார்வையாளர் இல்லை, சாட்சி. சாட்சிக்கு வரும் பயம் வேறு வகையானது.

முதல் சுற்றில் நடைபாதையில் எந்தப் பிறழ்வும் இருக்காது. பெரும்பாலோர் அதை வேகமாகக் கடந்துவிடுவார்கள், ஏனென்றால் அங்கே ஆபத்து எதுவும் தெரிவதில்லை. இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகுதான் அந்த முதல் நடையின் மதிப்பு தெரிகிறது. அப்போது பார்த்ததுதான் அளவுகோல். அதை ஒழுங்காகப் பார்க்கவில்லையென்றால் இனி வரும் எதையும் அளக்க வழியில்லை. வாரப் பத்திரிகையில் ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்கச் சொல்லும் பகுதியில் இரண்டு படங்களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்; இங்கே ஒரு படத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் நீட்டுகிறார்கள். பிடுங்கப்பட்ட படம் ஆட்டக்காரரின் நினைவில் இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

ஆகவே நாலாவது ஐந்தாவது சுற்றில், தாம் விளையாடுவதை இணையத்தில் நேரலையாகக் காட்டும் ஸ்ட்ரீமர்கள் செய்யத் தொடங்கும் காரியங்கள் மிகவும் ஒத்திருக்கின்றன. உரக்க எண்ணத் தொடங்குகிறார்கள். சுவரொட்டிகளை ஒவ்வொன்றாகப் பெயரிட்டுச் சொல்லிக்கொண்டே போகிறார்கள்: பல் மருத்துவர், நாய், அழகு நிலையம், கேமரா எச்சரிக்கை. சிலர் முதலில் மேற்கூரை, பிறகு இடப்பக்கம், பிறகு வலப்பக்கம், கடைசியில் தரை என்று தமக்கென ஒரு முறையை வகுத்துக்கொண்டு அதிலிருந்து விலகாமல் நடக்கிறார்கள். கலகலவென்று பேசிக்கொண்டிருந்த ஒருவர் மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்து, நீளமான மௌனத்துக்குள் போய்விடுவதை நான் எத்தனையோ காணொளிகளில் பார்த்திருக்கிறேன். பேசுவதற்கே பணம் பெறும் மனிதர்கள் அவர்கள். 'ஸ்லெண்டர்' அவர்களைக் கத்தவைத்தது. 'எக்ஸிட் 8' அவர்களின் வாயை அடைக்கிறது. உருவாக்குநர் பின்னணி இசை எதையும் சேர்க்காததால், அந்த நேரத்தில் கேட்பது காலடி ஓசை மட்டும்.

பிறகு ஐயம் பிறக்கிறது. "இந்தக் கதவுக் கைப்பிடி இங்கேதான் இருந்ததா?" "இந்த விளக்கு இவ்வளவு மங்கலாகவா எரிந்தது?" "இந்தச் சுவரொட்டிக்கு ஓரத்தில் சிவப்புக் கோடு இருந்ததாக நினைவு." இதில் சில கேள்விகள் உண்மையான பிறழ்வைத் தொட்டவை. கதவின் நட்டநடுவில் கைப்பிடி முளைத்திருக்கும் சுற்று உண்டு. சுவரொட்டி கண்ணுக்கெதிரே மெல்லப் பெரிதாகிக்கொண்டே போகும் சுற்று உண்டு. படத்தில் இருப்பவரின் விழிகள் நாம் நகர நகர நம்மைப் பின்தொடரும் சுற்றும் உண்டு. ஆனால் மற்றக் கேள்விகளுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. நடைபாதை முற்றிலும் இயல்பாக இருக்கிறது. ஆட்டக்காரர்தான் நடுங்கிப்போய்த் தன் நினைவையே சந்தேகிக்கிறார். அந்த இயல்பான நடைபாதையில் நின்று அவர் படும் பாடுதான் இந்த விளையாட்டின் ஆகச் சிறந்த பகுதி என்பது என் உறுதியான எண்ணம். பிறழ்வைக் கண்டதும் அவருக்கு வருவது பெரும்பாலும் நிம்மதி. "அப்பாடா, இதுதான்" என்று திரும்பி நடக்கிறார். எதுவுமே மாறாத நடைபாதை அவரை வதைக்கிறது, ஏனென்றால் மாறவில்லை என்பதற்கு அங்கே எந்தச் சான்றும் கிடைப்பதில்லை.

புலனறி உளவியலில் இதற்கு நல்ல விளக்கம் இருக்கிறது. ஒரு குறிப்பைத் தேடும் மனிதர் இரண்டு விதமாகத் தவறலாம். இருப்பதைப் பார்க்காமல் விடுவது ஒன்று. இல்லாததை இருப்பதாகக் கொள்வது மற்றொன்று. டேவிட் கிரீன், ஜான் சுவெட்ஸ் ஆகிய இருவரும் 1966-இல் வெளியிட்ட நூலின் வழியாக இந்தப் பகுப்பு உளவியலில் நிலைபெற்றது. ஒரு வகைத் தவற்றைக் குறைக்க முயன்றால் மற்றது கூடும் என்பதே அதில் உள்ள சிக்கல். பெரும்பாலான திகில் விளையாட்டுகள் முதல் வகைத் தவற்றை மட்டுமே தண்டிக்கின்றன. பின்னால் வந்தவனைப் பார்க்கவில்லை, செத்தீர்கள். தேவையில்லாமல் பயந்து ஓடினால் கொஞ்சம் மூச்சு வாங்கும், வேறு நட்டமில்லை. 'எக்ஸிட் 8' இரண்டையும் ஒரே அளவில் தண்டிக்கிறது. அதிகமாக அஞ்சுபவரும் பூஜ்யத்துக்குப் போகிறார், அசட்டையாக நடப்பவரும் பூஜ்யத்துக்குப் போகிறார். எச்சரிக்கையாக இருந்தால் தப்பலாம் என்று நம்பி வந்த திகில் விளையாட்டு ரசிகர்கள் திணறிப்போவது இதனால்தான். வீண் ஐயத்தால் திரும்பி வந்து பூஜ்யத்தைப் பார்ப்பவரின் முகமும், பிறழ்வைத் தவறவிட்டு முன்னே போய்ப் பூஜ்யத்தைப் பார்ப்பவரின் முகமும் வேறு வேறாக இருக்கும். தவறவிட்டவர் கோபப்படுகிறார். வீணாகத் திரும்பியவர் குழம்பிப்போகிறார். அவருக்குத் தாம் செய்தது எந்த வகைத் தவறு என்பதே தெரிவதில்லை. உண்மையில் ஒன்றும் இல்லையா, அல்லது தம் கண்ணுக்குத் தப்பிய வேறொன்று இருந்ததா என்று அவர் தவிக்கிறார். தாம் தவறியது எங்கே என்று விளையாட்டு அவருக்கு எடுத்துச் சொல்வதே இல்லை.

கண் இவ்வளவு எளிதில் ஏமாறுமா என்று கேட்பவர்களுக்கு 1998-இல் டேனியல் சைமன்ஸ், டேனியல் லெவின் ஆகியோர் வெளியிட்ட ஆய்வைச் சொல்லலாம். பல்கலைக்கழக வளாகத்தில் ஒருவர் வழிப்போக்கரிடம் வழி கேட்டுக்கொண்டிருப்பார். பேச்சின் நடுவே இரண்டு பேர் ஒரு கதவைத் தூக்கிக்கொண்டு அவர்களுக்கிடையே கடந்து போவார்கள். கதவு மறைத்த அந்த நொடியில் வழி கேட்டவருக்குப் பதில் வேறொருவர் வந்து நின்றுவிடுவார். ஏறத்தாழப் பாதிப் பேர் அதைக் கவனிக்கவே இல்லை. எதிரே நிற்பவர் மாறிவிட்டார் என்று தெரியாமலே வழியைச் சொல்லி முடித்தார்கள். 'எக்ஸிட் 8' நடைபாதைகளை இணைக்கும் அந்த வளைந்த திருப்பம், அந்தக் கதவு செய்த வேலையைத்தான் செய்கிறது. பார்வை ஒரு கணம் வெற்றுச் சுவரில் முட்டுகிறது. அதற்குள் உலகம் மாற்றிவைக்கப்படுகிறது.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகள் மடிக்கணினியில் இதை விளையாடிக்கொண்டிருந்தாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா, திரையில் யாரோ நடந்து வருவதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கட்டிலின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். அவருக்கு விதிகள் எதையும் நாங்கள் சொல்லவில்லை. பெண் சுவரொட்டிகளை எண்ணுவதில் மூழ்கியிருந்தாள். பலகையில் எண் நான்கு.

"ஏன்டி, இந்த ஆளு இப்ப மட்டும் சிரிச்சுக்கிட்டு வர்றான்?" என்றார் அம்மா.

"அம்மாச்சி, அவர் எப்பவுமே அப்படித்தான் வருவாரு. கொஞ்சம் சும்மா இருங்க, எனக்குக் கணக்கு விட்டுப்போகுது."

"எப்பவும் இல்ல. போன தடவ உம்முன்னுல போனான்."

அதற்குள் திரையில் அந்த மனிதர் கடந்து போய்விட்டார். அக்கா மகள் ஒரு கணம் தயங்கினாள், பின்னால் திரும்பிப் பார்த்தாள், அவருடைய முதுகு மட்டுமே தெரிந்தது. முன்னே போனாள். திருப்பத்தில் பூஜ்யம். "அம்மாச்சி!" என்று அவள் கத்திய கத்தில் அடுக்களையிலிருந்து அக்கா ஓடி வந்தாள். அம்மா பயப்படவும் இல்லை, பெருமைப்படவும் இல்லை. "மூஞ்சியப் பாக்காம செவத்தப் பாத்தா எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டு, அதன் பிறகு கீரையை மறந்து முழு ஆட்டத்துக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

இந்த நிகழ்ச்சி என்னை வெகுவாகச் சிந்திக்கவைத்தது. என் அம்மா வாழ்நாளில் கணினி விளையாட்டு எதையும் தொட்டதில்லை. ஆனால் எதிரே வரும் மனிதரின் முகத்தை முதலில் பார்க்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. விளையாட்டுகளில் பழகியவளோ அவரைக் காட்சியின் ஓர் உறுப்பாக, அசையும் சுவர்போலக் கருதிச் சுவரொட்டிகளில் துப்புத் தேடினாள். புதிர் எங்கே ஒளிந்திருக்கும் என்று முன்கூட்டியே முடிவுசெய்து வைத்திருப்பவர்கள் இந்த நடைபாதையில் அதிகம் தோற்கிறார்கள் என்பதைப் பிற காணொளிகளிலும் பிறகு கண்டுகொண்டேன். ஆட்டக்காரரின் எதிர்வினை என்பது அவர் உலகத்தை எந்த வரிசையில் பார்க்கிறார் என்பதன் பதிவாகவும் இருக்கிறது.

நேரலையில் இது இன்னும் கூர்மையாகிறது. விளையாடுபவர் ஒருவர், பார்த்துக்கொண்டிருப்பவர்கள் ஆயிரக்கணக்கானோர். பிறழ்வை யாரோ ஒருவர் பார்த்துவிடுகிறார், நேரலையின் அரட்டைப் பகுதியில் எழுதியும் விடுகிறார். சொல்லாதீர்கள் என்று மற்றவர்கள் அடக்குகிறார்கள். திகில் படங்களில் கதாபாத்திரத்துக்குப் பின்னால் நிற்கும் உருவம் நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அந்தப் பழைய தவிப்பு இங்கே பார்ப்பவர்களுக்குள்ளேயே பங்கு பிரிக்கப்படுகிறது. பார்த்தவர்களுக்கும் பார்க்காதவர்களுக்கும் இடையே ஒரு மெல்லிய பதற்றம் ஓடுகிறது. தான் பார்த்ததை வேறு யாரும் பார்க்கவில்லையோ, தனக்கு மட்டும்தான் அப்படித் தோன்றுகிறதோ என்று பார்வையாளரும் ஐயுறத் தொடங்கும்போது, விளையாட்டை வாங்காதவரும் அதற்குள் நுழைந்துவிடுகிறார்.

அந்த வெள்ளைச் சட்டை மனிதரைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஜப்பானிய ஆட்டக்காரர்கள் அவரை 'ஓஜிசான்' என்கிறார்கள். நம் ஊரில் முன்பின் தெரியாத நடுவயதுக்காரரை மாமா என்பதுபோலத்தான். முதல் சுற்றில் எல்லோரும் அவரைக் கண்டு ஒதுங்கி நடக்கிறார்கள். ஆளில்லா இடத்தில் தனியாக எதிர்ப்படும் மனிதர் என்பதே அச்சத்துக்குப் போதுமானது. அவர் எதுவும் செய்யாமல் கடந்து போகிறார். ஐந்தாறு சுற்றில் அவரோடு ஒரு பழக்கம் ஏற்பட்டுவிடுகிறது, வணக்கம் சொல்கிறார்கள், "இன்றைக்கும் வேலையா?" என்று விசாரிக்கிறார்கள், அவர் வராமல்போனால் தேடுகிறார்கள். அந்த நம்பிக்கை உண்டான பிறகுதான் அவர் மிகப் பெரிய உடலோடு வருகிறார், அல்லது வழக்கத்தைவிட வேகமாக வந்து மோதுகிறார், அல்லது அன்று எங்கள் வீட்டில் வந்ததைப்போலச் சிரித்துக்கொண்டு வருகிறார். வேகமாக வருபவரைக் கண்டு ஓடும் ஆட்டக்காரர்களின் குரலில் அச்சத்தோடு ஒரு மனத்தாங்கலும் தெரியும். நண்பர் என்று நினைத்தவர் இப்படிச் செய்துவிட்டாரே என்ற குரல் அது. எந்த வசனமும் பேசாத, முன்கதை எதுவும் இல்லாத ஒரு பாத்திரத்தின் மேல், திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டதால் மட்டுமே இவ்வளவு உணர்வு படிந்துவிடுகிறது. 2025-இல் கெங்கி கவாமுரா இயக்கத்தில் இந்த விளையாட்டு திரைப்படமானபோது, 'நடக்கும் மனிதர்' என்ற அந்தப் பாத்திரத்துக்கு யமாதோ கோச்சி என்ற நடிகரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவருடைய நடையைப் படத்துண்டுகளில் பார்த்த ரசிகர்கள் அவரைப் பற்றி நிறையப் பேசினார்கள்.

அதிரவைக்கும் பிறழ்வுகளும் உண்டு, இல்லாமலில்லை. சுவரின் ஓடுகளோடு ஓடாக ஒட்டி நின்று, அருகில் போனதும் பிரிந்து வரும் உருவம் ஒன்று இருக்கிறது. நடைபாதையின் மறுகோடியிலிருந்து செந்நிற வெள்ளம் பொங்கி வரும் சுற்று இருக்கிறது. விளக்குகள் பட்டென்று அணைந்துவிடும் சுற்றும் இருக்கிறது. இவை காணொளிகளின் முகப்புப் படத்துக்கு வசதியானவை. அதனால் வெளியில் அதிகம் தெரிந்தவையும் இவையே. ஆனால் இவற்றைக் கண்டுகொள்ள எந்த முயற்சியும் வேண்டாம். வெள்ளம் வருவதைப் பார்க்கத் தவறியவர் யாரும் இருக்க முடியாது. சிறிய பிறழ்வுகளால் நைந்துபோன ஆட்டக்காரருக்கு இடையிடையே கொடுக்கப்படும் மூச்சுவிடும் இடங்களாகவே இவற்றைக் கருதுகிறேன். கத்திவிட்டால் மனம் கொஞ்சம் லேசாகிறது. பிறகு மீண்டும் கைப்பிடிகளையும் விளக்குகளையும் எண்ணப் போகலாம்.

இது திகில் விளையாட்டே இல்லை, வெறும் புதிர்தான் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டதே என்று குறைப்படுபவர்களும் இருக்கிறார்கள். முதல் குறையை நான் ஏற்கவில்லை. இரண்டாவதைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அது தனிநபர் உருவாக்குநர்களின் பிழைப்போடு தொடர்புடையது. வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால், காரணம் எதுவானாலும் பணத்தைத் திருப்பித் தருவது ஸ்டீமின் வழக்கம். வாடிக்கையாளருக்கு நல்ல ஏற்பாடுதான். ஆனால் 2 மணி நேரத்துக்குள் முழுவதுமாக முடிந்துவிடும் விளையாட்டைச் செய்தவரின் நிலை என்ன? 2021-இல் எமிகா கேம்ஸ் என்ற உருவாக்குநர், தம்முடைய 'சம்மர் ஆஃப் 58' என்ற குறுந்திகில் விளையாட்டை முடித்து, பாராட்டி எழுதியவர்கள்கூடப் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறார்கள் என்று வருந்தி, விளையாட்டு உருவாக்கத்திலிருந்து காலவரையின்றி விலகுவதாக அறிவித்தார். ரசித்தேன் என்று எழுதிவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்பதும் ஓர் எதிர்வினைதான். அதைப் படிக்கும்போது எனக்கு மிகுந்த வருத்தம் ஏற்பட்டது.

குறுந்திகிலின் நீளத்தை அதன் குறையாகக் கணக்கிடுவது தவறு. நார்மன் மக்வொர்த் என்ற ஆய்வாளர் 1948-இல் வெளியிட்ட கடிகாரச் சோதனையில், கடிகார முள் எப்போதாவது ஒருமுறை இரட்டைத் தாவல் தாவுவதைக் கண்டுபிடிக்கும்படி பிரிட்டிஷ் வான்படையினரைக் கேட்டார். ரேடார் திரையை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் எப்போது தவறவிடத் தொடங்குகிறார்கள் என்பதை அறிவது நோக்கம். முதல் அரை மணி நேரத்துக்குப் பின் கவனிக்கும் திறன் குறைந்துவிட்டது. 'எக்ஸிட் 8' ஆட்டக்காரரிடம் கேட்பதும் இதே வகைக் கவனத்தைத்தான். அதை இரண்டு மணி நேரத்துக்கு இழுத்திருந்தால் அச்சம் வடிந்து அலுப்பு மட்டுமே எஞ்சியிருக்கும். பலர் ஆறாம், ஏழாம் எண்ணில் நெடுநேரம் சிக்கி நிற்பதற்கும் இந்தக் களைப்பே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. பதற்றம் உச்சத்தில் இருக்கும்போது கண் சோர்ந்திருக்கிறது.

விளையாட்டு வெளிவந்த சில மாதங்களிலேயே அதன் வழியைப் பின்பற்றிய விளையாட்டுகள் ஸ்டீமில் குவிந்தன. ஜப்பானில் அவற்றுக்கு '8-பான் லைக்' (எட்டாம் எண்ணைப் போன்றவை) என்ற வகைப்பெயரே வந்துவிட்டது. ரயில் பெட்டி, வகுப்பறை, மருத்துவமனை, வீடு என்று இடத்தை மாற்றிப் பார்த்தார்கள். 2024 மே மாதம் கோடாகே கிரியேட் தாமே 'பிளாட்ஃபார்ம் 8' என்ற தொடர்ச்சியை, நிற்காமல் ஓடும் ரயில் பெட்டிகளுக்குள் அமைத்து வெளியிட்டார். அது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அங்கே பிறழ்வுகள் நம்மைத் துரத்துகின்றன, தப்பிக்கும் வழியை நாம் கண்டுபிடிக்க வேண்டும். ஐயத்துக்கு இடம் குறைந்துவிட்டது. பின்பற்றியவர்களில் பலரும் இதே தவற்றைத்தான் செய்கிறார்கள். பிறழ்வுகளைப் பெரிதாக்குகிறார்கள், உருவங்களைக் கொடூரமாக்குகிறார்கள். ஒன்றும் மாறாத சுற்றை எப்படிச் செதுக்குவது என்று யோசித்தவர்கள் மிகச் சிலரே. பிறழ்வில்லாத அறை முதலில் நம்பும்படியாக, பொருள்கள் நிறைந்ததாக, ஆனால் நினைவில் வைக்க முடியும் என்று ஆசைகாட்டும் அளவில் இருக்க வேண்டும். அந்த அளவைக் கண்டுபிடித்ததில்தான் மூல விளையாட்டின் கைத்திறன் இருக்கிறது.

விளையாட்டை விட்டு எழுந்த பின்னும் தொடரும் எதிர்வினைகளைப் பற்றி ஆட்டக்காரர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். டோக்கியோவின் கியோசுமி-ஷிராகாவா நிலையத்து நடைபாதை இந்த விளையாட்டை ஒத்திருக்கிறது என்று ரசிகர்கள் படம் பிடித்துப் பகிர்கிறார்கள். தினமும் கடக்கும் பாதையில் சுவரொட்டி ஒன்று மாறியிருப்பதைக் கண்டு கால்கள் தாமாகத் தயங்கின என்று எழுதுகிறார்கள். வேலைக்குப் போகும் வழியில் எதையும் பார்க்காமல் நடக்கப் பழகிய மனிதர்கள் இவர்கள். ஆண்டுக்கணக்கில் கடந்த ஒரு கதவை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன் என்று சொல்லும் அளவுக்கு 470 யென் விளையாட்டு ஒன்று அவர்களை ஆக்கியிருக்கிறது என்றால், அதைவிடச் சிறந்த விமர்சனத்தை எந்த உருவாக்குநரும் எதிர்பார்க்க முடியாது.

இன்னும் விளையாடாதவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிறழ்வுகள் முப்பதுக்குச் சற்று மேல் இருக்கின்றன; அவற்றைப் படத்தோடு வரிசைப்படுத்திய பட்டியல்கள் தேடினால் உடனே கிடைக்கும். எட்டாம் வாயிலை ஒருமுறையாவது உங்கள் சொந்தக் கண்ணை நம்பி எட்டிப்பிடிக்கும்வரை அவற்றைத் திறக்காதீர்கள். பட்டியலைப் படித்தவருக்கு ஐயம் வராது. ஐயம் வராதவருக்கு இந்த விளையாட்டில் ஒன்றும் இல்லை. முடிந்தால் பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துக்கொள்ளுங்கள், விளையாட்டுகளில் பழக்கமில்லாதவராக இருந்தால் இன்னும் நல்லது. பெரிய திரை வேண்டாம். ஓசை தெளிவாகக் கேட்டால் போதும்.

வெளியேறிய பிறகு, விட்டுப்போன பிறழ்வுகளைத் தேடி மீண்டும் அதே நடைபாதைக்குள் போகலாம். பெரும்பாலோர் போகிறார்கள். அப்போது எதிர்வினைகள் எல்லாம் தலைகீழாகிவிடுகின்றன. முன்பு சிறு மாற்றத்துக்கும் நடுங்கியவர் இப்போது ஒன்றும் மாறாத நடைபாதையைக் கண்டு சலித்துக்கொள்கிறார். இதுவரை பார்க்காத பிறழ்வு வந்தால் "வா, வா" என்று வரவேற்கிறார். ஓடு போர்த்திய உருவம் சுவரிலிருந்து பிரியும்போது நின்று ரசிக்கிறார். என் அக்கா மகள் ஊருக்குப் போகும் முன் அந்த நிலைக்கு வந்துவிட்டாள். அம்மா மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் அந்த மனிதரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.